ஒலி ஒன்று, பொருள் வேறு

(பத்தாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி)



ஆங்கிலம் கற்பதில் எது கடினம் என்று கேட்டால் இலக்கணம் என்பார் சிலர். உச்சரிப்பு என்பார் வேறு சிலர். ஆனால் 'டிக்டேஷன்' நோட்டுகளைத் திருத்தும் ஆசிரியையைக் கேட்டுப் பாருங்கள். செவிக்கு ஒன்றாகவே கேட்டு, எழுத்தில் வேறுபட்டு, பொருளில் முற்றிலும் மாறிவிடும் சொற்களில்தான் சிவப்பு மை அதிகம் செலவாகிறது என்பார்.

இத்தகைய சொற்களை ஆங்கிலத்தில் 'ஹோமோஃபோன்' என்கின்றனர். கிரேக்க மொழியில் 'ஹோமோஸ்' என்றால் ஒத்தது. 'ஃபோனே' என்றால் குரல் அல்லது ஒலி. டெலிஃபோன், மைக்ரோஃபோன் என்னும் சொற்களில் இருப்பதும் அதே 'ஃபோனே'தான். தமிழில் இவற்றை 'ஒத்த ஒலிச் சொற்கள்' என்று அழைப்போம்.

ஆங்கிலம் பேசும் வீட்டில் வளர்ந்தவர்களுக்கே இச்சொற்கள் கைவரும். தமிழ் மட்டுமே பேசும் வீட்டிலிருந்து வரும் நமக்கு அவை எட்டாக்கனி என்று நம் தங்கையர் பலர் எண்ணி அஞ்சுகின்றனர். இந்த அச்சத்துக்கு இடம் உண்டா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். ஆங்கில எழுத்துகளின் பெயர்களைத் தமிழிலேயே சொல்லிச் செல்கிறோம். பக்கத்தில் ஒரு தாளை வைத்துக்கொண்டு எழுதிப் பார்த்தால் யாவும் எளிதில் விளங்கும்.

தமிழில் நாம் அறிந்ததே

தமிழ் வகுப்பில் மயங்கொலிச் சொற்களைப் படித்திருக்கிறோம். ண, ன, ந. ல, ள, ழ. ர, ற ஆகிய எட்டும் மயங்கொலி எழுத்துகள். 'அரம்' என்றால் இரும்பைத் தேய்க்கும் கருவி. 'அறம்' என்றால் தருமம். 'பனி' குளிரைத் தரும். 'பணி' கூலியைத் தரும். ஓர் எழுத்து மாறினால் பொருள் தலைகீழாகிவிடும் என்பதை நாம் சிறு வயதிலேயே கற்றுக்கொண்டோம்.

ஆயினும் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் இதில் ஒரு பெரிய வேற்றுமை உண்டு. தமிழில் ஒவ்வோர் எழுத்துக்கும் பிறப்பிடம் உண்டு. நாக்கு எங்கே தொட வேண்டும், எப்படி வளைய வேண்டும் என்பதைத் தொல்காப்பியத்தின் பிறப்பியலே விளக்கியிருக்கிறது. 'பனி'யையும் 'பணி'யையும் திருத்தமாக ஒலித்தால் வேறுபாடு காதிலேயே கேட்டுவிடும். நாக்கு சோம்பும்போதுதான் மயக்கம் வருகிறது.

ஆங்கில ஒத்த ஒலிச் சொற்களோ அப்படிப்பட்டவை அல்ல. இலண்டன் மாநகரில் பிறந்து வளர்ந்த ஒருவர் எவ்வளவு திருத்தமாக ஒலித்தாலும் 'சீ' என்னும் சொல் கடலா, பார்த்தலா என்பது காதுக்குத் தெரியாது. கடலுக்கு எஸ், ஈ, ஏ. பார்ப்பதற்கு எஸ், ஈ, ஈ. வேறுபாடு கண்ணுக்கு மட்டுமே உண்டு. இந்த ஓர் உண்மையைத் தோழியர் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம்.

குழப்பம் எப்படி வந்தது?

ஒலி ஒன்றாயின் எழுத்தும் ஒன்றாக இருக்கக் கூடாதா என்று கேட்கத் தோன்றும். இதற்கு விடை ஆங்கில மொழியின் வரலாற்றில் இருக்கிறது. மூன்று காரணங்களைக் குறிப்பிடலாம்.

முதற்காரணம், ஆங்கிலம் பல மொழிகளிலிருந்து சொற்களை வாங்கிய மொழி. 1066ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு நார்மண்டியின் கோமகன் வில்லியம் இங்கிலாந்தை வென்றபின், அரண்மனையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு மொழி கோலோச்சியது. திருச்சபையோடும் கல்வியோடும் இலத்தீன் வந்தது. வேறு வேறு நாட்டிலிருந்து வந்த சொற்கள் காலப்போக்கில் தேய்ந்து ஒரே ஒலியில் வந்து நின்றன. 'பேர்' என்னும் ஒலியைப் பாருங்கள். பேரிக்காயைக் குறிக்கும் சொல் பழைய ஆங்கிலத்திலேயே இருந்தது. அதற்கு நடுவில் ஈ, ஏ. இணையைக் குறிக்கும் சொல் பிரெஞ்சு வழியாக வந்தது. அதற்கு நடுவில் ஏ, ஐ.

இரண்டாவது காரணம், உயிரொலிகளின் மாற்றம். ஏறத்தாழ 1400 முதல் 1700 வரையிலான காலத்தில் ஆங்கிலத்தின் நெட்டுயிர் ஒலிகள் எல்லாம் படிப்படியாக மாறின. மொழிநூலார் இதனைப் 'பெரும் உயிரொலிப் பெயர்ச்சி' என்பர். இன்று 'மீட்' என்று ஒலிக்கும் இரு சொற்கள் முன்பு வேறு வேறாக ஒலித்தன. சந்தித்தலைக் குறிக்கும் சொல் ஏறத்தாழ 'மேட்' என்று ஒலித்தது. இறைச்சியைக் குறிக்கும் சொல்லை அதனினும் வாயை அகலத் திறந்து ஒலித்தனர். அதனால்தான் ஒன்றுக்கு ஈ, ஈ என்றும் மற்றொன்றுக்கு ஈ, ஏ என்றும் எழுதினர். பின்னர் ஒலிகள் இரண்டும் ஒன்றாயின. எழுத்துகள் மட்டும் பிரிந்தே நின்றன.

மூன்றாவது காரணம், அச்சு. வில்லியம் காக்ஸ்டன் 1476ஆம் ஆண்டில் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் நிறுவினார். அதன்பின் நூல்கள் பெருகப் பெருகச் சொற்களின் எழுத்து உறுதிப்படலாயிற்று. 1755இல் டாக்டர் சாமுவேல் ஜான்சன் தம் புகழ்பெற்ற அகராதியை வெளியிட்டபோது பெரும்பாலான சொற்களுக்கு இன்றைய வடிவம் வந்துவிட்டது. எழுத்து நின்றுவிட்டது, ஒலியோ நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. ஆகவே ஆங்கில எழுத்து என்பது அச்சொல் முற்காலத்தில் ஒலித்த விதத்துக்கு ஒரு சாட்சி எனலாம்.

ஊமை எழுத்துகள் பேசிய காலம்

'நைட்' என்றால் இரவு. அதன் முன்னே 'கே' சேர்த்து எழுதினால் குதிரையேறிப் போர் புரியும் வீரன். ஒலிக்காத இந்தக் 'கே' எதற்கு என்று சலித்துக்கொள்ளாதவர் இல்லை. பழைய ஆங்கிலத்தில் அந்தக் 'கே' ஒலித்தது. நடுவில் உள்ள ஜி, எச் இரண்டும் சேர்ந்து தொண்டையில் உரசும் ஓர் ஒலியைத் தந்தன. ஆங்கிலத்தின் உறவு மொழியான செர்மன் மொழியில் பணியாளைக் குறிக்கும் 'க்னெஷ்ட்' என்னும் சொல்லில் இன்றும் அந்தக் ககரம் ஒலிக்கிறது. பழைய ஆங்கிலத்திலும் அச்சொல்லுக்குச் சிறுவன், பணியாள் என்பனவே பொருள். வீரன் என்னும் பொருள் பிற்பாடு வந்தது. அறிதலைக் குறிக்கும் 'நோ', முடிச்சைக் குறிக்கும் 'நாட்' ஆகியவற்றின் முன்னிற்கும் 'கே' என்னும் எழுத்தும் இவ்வாறு ஒரு காலத்தில் ஒலித்ததே.

'ரைட்' என்னும் ஒலிக்கு நான்கு சொற்கள் உண்டு. ஆர், ஐ, ஜி, எச், டி என்று எழுதினால் சரி, வலப்பக்கம், உரிமை என்று பொருள். டபிள்யூ, ஆர், ஐ, டி, ஈ என்று எழுதினால் எழுதுதல். ஆர், ஐ, டி, ஈ என்று எழுதினால் வழிபாட்டு முறை. இலத்தீன் வழிபாட்டு முறை, சீரோ மலபார் வழிபாட்டு முறை என்று நாம் குறிப்பிடும் இடங்களில் ஆங்கிலத்தில் வருவது இச்சொல்லே. டபிள்யூ, ஆர், ஐ, ஜி, எச், டி என்று எழுதினால் ஒரு பொருளைச் செய்யும் தொழிலாளி. 1903ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆம் நாள் விமானத்தில் பறந்து காட்டிய ரைட் சகோதரர்களின் குடும்பப் பெயர் இதுதான். நாடக ஆசிரியரைக் குறிக்கும் 'பிளேரைட்' என்னும் சொல்லின் இறுதியிலும் இதுவே வரும். நாடகத்தை எழுதுபவர் என்பதால் 'எழுதுதல்' என்னும் சொல்லைப் போட்டுவிடக் கூடாது. நாடகத்தைச் செய்பவர் என்பதே அதன் பொருள்.

ஆங்கில எழுத்து முறையைச் சீர்திருத்த வேண்டும் என்று வாதிட்டவர்களும் உண்டு. 1950இல் மறைந்த பெர்னார்ட் ஷா, புதிய நெடுங்கணக்கு ஒன்றை உருவாக்கத் தம் உயிலில் பணம் ஒதுக்கினார். ஆயினும் அது வழக்கில் நிலைக்கவில்லை. ஒலிக்கிறபடியே எழுதினால் மேலே கண்ட நான்கு சொற்களும் ஒன்றாகிவிடும் அன்றோ? எழுதுபவருக்குத் தொல்லையாகத் தோன்றும் இவ்வேறுபாடு, படிப்பவருக்கு உதவியாக நிற்கிறது.

பள்ளியிலும் ஆலயத்திலும்

இனி, நாம் அன்றாடம் காணும் சில இணைகளைப் பார்ப்போம்.

பிரின்சிபல்: விடுப்பு விண்ணப்பத்தின் தொடக்கத்தில் எழுதும் 'பள்ளி முதல்வர்' என்னும் பொருளுடைய சொல் ஏ, எல் என்று முடியும். கொள்கை, நெறி என்னும் பொருளுடைய சொல் எல், ஈ என்று முடியும். ஏ, எல் என்று முடியும் சொல்லுக்கு 'முதன்மையான' என்பதே அடிப்படைப் பொருள். பள்ளியின் முதன்மையானவர் முதல்வர். அதுபோல் கடனில் வட்டி நீங்கலாக நிற்கும் அசல் தொகைக்கும் இதே சொல்தான். கணக்கு வகுப்பில் தனிவட்டி போடும்போது அசலைக் குறிக்கும் எழுத்து இச்சொல்லின் முதலெழுத்தே.

ஸ்டேஷனரி: ஏ, ஆர், ஒய் என்று முடிந்தால் அசையாமல் நிற்பது, ஈ, ஆர், ஒய் என்று முடிந்தால் தாள், பேனா, உறை முதலிய எழுதுபொருள்கள். இவ்விரண்டும் உடன்பிறப்புகள். இடைக்கால ஐரோப்பாவில் பெரும்பாலான வணிகர்கள் ஊர் ஊராகச் சென்று விற்றனர். பல்கலைக்கழகங்களை ஒட்டி நிலையாக ஓரிடத்தில் கடை வைத்துப் புத்தகம் விற்றவர் 'ஸ்டேஷனர்' எனப்பட்டார். அவர் கடைப்பொருளே 'ஸ்டேஷனரி' ஆயிற்று. இலண்டனில் இவ்வணிகரின் சங்கத்துக்கு 1557இல் அரச பட்டயம் கிடைத்தது. இரண்டுக்கும் மூலம் 'நிற்றல்' என்னும் பொருளுடைய இலத்தீன் சொல். தவக்காலத்தில் நாம் செய்யும் சிலுவைப்பாதையின் 14 நிலைகளையும் ஆங்கிலத்தில் 'ஸ்டேஷன்' என்றே சொல்கிறோம். தமிழிலும் 'நில்' என்பதிலிருந்தே நிலை, நிலையம் ஆகிய சொற்கள் பிறந்தன என்பது எத்துணை அழகான ஒற்றுமை! உறையைக் குறிக்கும் 'என்வலப்' என்னும் சொல் ஈ என்று தொடங்கும். எழுதுபொருளுக்கும் ஈ என்று நினைவில் கொள்ளலாம்.

காம்ப்ளிமென்ட்: ஆண்டு மலர்களின் கடைசிப் பக்கங்களில் வரும் விளம்பரங்களில் 'வித் பெஸ்ட் காம்ப்ளிமென்ட்ஸ்' என்று அச்சிட்டிருப்பதைக் கண்டிருப்பீர்கள். அது வாழ்த்து, பாராட்டு. அதன் நடுவில் ஐ வரவேண்டும். நடுவில் ஈ வந்தால் நிறைவு செய்வது என்று பொருள். கணக்கில் 90 பாகைக்கு நிறைவு செய்யும் கோணங்களுக்கு ஈ கொண்ட சொல்லே உரியது. 'முழுமையாக்கு' என்னும் பொருளுடைய 'கம்ப்ளீட்' என்ற சொல்லில் எல்லுக்குப் பின் ஈ வருவதை நினைத்துக்கொண்டால் ஐயம் தீரும்.

கௌன்சில்: பலர் கூடும் மன்றம் சி, ஐ, எல் என்று முடியும். 1962 முதல் 1965 வரை நடைபெற்ற இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்கு இச்சொல். அறிவுரை அல்லது ஆலோசனை எஸ், ஈ, எல் என்று முடியும். தேவ அன்னையை 'நல்ல ஆலோசனை மாதா' என்று வணங்கும்போது ஆங்கிலத்தில் வருவது இச்சொல். ஒன்று கூட்டம், மற்றொன்று அக்கூட்டத்தில் கிடைக்க வேண்டிய பொருள்!

ஆல்டர்: இறுதி ஆருக்கு முன் ஏ வந்தால் திருப்பலி நிறைவேற்றும் பீடம்; ஈ வந்தால் மாற்றுதல். தையற்கடையில் பாவாடையை 'ஆல்டர்' செய்யக் கொடுக்கும்போது ஈ என்பதை மறவாதீர்.

மாஸ்: இது எழுத்திலும் ஒன்றே. ஆலயத்தில் திருப்பலி, இயற்பியல் வகுப்பில் நிறை. முன்னது 'அனுப்புதல்' என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. பின்னது பிசைந்த மாவுக் கட்டியைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. தமிழில் 'திங்கள்' என்னும் சொல் நிலவையும், மாதத்தையும், கிழமையையும் குறிப்பதுபோல், இங்கே பொருளை முடிவு செய்வது இடம் ஒன்றே.

ஃபிளவர்: டபிள்யூ வந்தால் மலர்; அவ்விடத்தில் யூ வந்து ஈ மறைந்தால் மாவு. தொடக்கத்தில் இரண்டும் ஒரே சொல். எதிலும் மிகச் சிறந்த பகுதியை அதன் 'மலர்' என்று சொல்வது வழக்கமாக இருந்தது. கோதுமையை அரைத்துச் சலித்த பின் கிடைக்கும் நேர்த்தியான பகுதி கோதுமையின் மலர் எனப்பட்டது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை மாவையும் மலரின் எழுத்தால் எழுதுவோர் இருந்தனர். அடுக்களையில் மாவு சலிக்கும் அன்னையர் இதை அறிந்தால் மகிழ்வர்.

சின்னஞ்சிறு சொற்கள்

பெரிய சொற்களைவிடச் சிறிய சொற்களே அதிகம் ஏமாற்றுகின்றன. 'தேர்' என்னும் ஒலிக்கு மூன்று எழுத்து வடிவங்கள் உண்டு. 'அங்கே' என்னும் பொருளுடையது டி, எச், ஈ, ஆர், ஈ. இங்கே, அங்கே, எங்கே என்னும் மூன்று இடப்பெயர்களின் ஆங்கில வடிவிலும் எச், ஈ, ஆர், ஈ என்னும் நான்கு எழுத்துகள் உள்ளன, எழுதிப் பாருங்கள். 'அவர்களுடைய' என்பது டி, எச், ஈ, ஐ, ஆர். அதன் முதலெழுத்தை மறைத்தால் எஞ்சுவது 'வாரிசு' என்னும் சொல். வாரிசுக்கு உடைமை உண்டு. ஆகவே இது உடைமைச் சொல் என்று நினைவில் வைக்கலாம். மூன்றாவது, 'அவர்கள் இருக்கிறார்கள்' என்பதன் சுருக்கம். நடுவில் மேற்புறம் அப்பாஸ்ட்ரஃபி என்னும் சிறு கொக்கி இருக்கும். விழுந்துவிட்ட எழுத்தின் இடத்தைக் காட்டுவதே அக்கொக்கியின் வேலை.

'டூ' என்னும் ஒலியும் இத்தகையதே. இரண்டு என்னும் எண்ணில் ஒலிக்காத டபிள்யூ ஏன்? இரட்டையர், இருமுறை, பன்னிரண்டு, இருபது ஆகியவற்றின் ஆங்கிலச் சொற்களை ஒலித்துப் பாருங்கள்: ட்வின், ட்வைஸ், ட்வெல்வ், ட்வென்டி. நான்கிலும் அந்த டபிள்யூ வாய்விட்டுப் பேசுகிறது. இரண்டு என்னும் சொல்லில் மட்டும் அது ஊமையாயிற்று. 'கூட', 'மிக அதிகமாக' என்னும் பொருளுக்கு ஓ ஒன்று அதிகமாக வரும்.

'இட்ஸ்' என்பதில் 'அதனுடைய' என்னும் பொருளுக்குக் கொக்கி கிடையாது. அவனுடைய, நம்முடைய என்னும் ஆங்கிலச் சொற்களுக்கும் கொக்கி இல்லை அல்லவா? 'அது இருக்கிறது' என்று விரித்துப் படிக்க முடிந்தால் மட்டுமே கொக்கி இட வேண்டும்.

நம் நாவில் மட்டும் ஒன்றாகும் சொற்கள்

வேறொரு வகை உண்டு. உண்மையில் ஒலி வேறுபட்டும், தமிழ் எழுத்தில் எழுதும்போதும் தமிழ் நாவில் வரும்போதும் ஒன்றாகிவிடும் சொற்கள் அவை. பரிசளிப்பு விழாவில் கிடைப்பதும் 'பிரைஸ்'. கடையில் கேட்பதும் 'பிரைஸ்'. ஆனால் பரிசுக்கு இறுதியில் இசட் ஒலி. விலைக்கு எஸ் ஒலி. தொண்டையில் இரு விரல்களை வைத்துப் பாம்பு சீறுவதுபோல் ஒலித்தால் அதிர்வு இராது, அது எஸ். வண்டு இரைவதுபோல் ஒலித்தால் விரலில் அதிர்வு தெரியும், அது இசட்.

'வெஸ்ட்' என்பதும் அப்படியே. மேற்றிசைக்கு உதடுகளைக் குவித்து ஒலிக்க வேண்டும். உள்ளாடைக்கு மேற்பல் கீழுதட்டைத் தொட வேண்டும். நம் வகரம் இரண்டுக்கும் நடுவே நிற்பதால் குழப்பம் நேர்கிறது.

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 'பல்' என்பதிலும் 'தம்பி' என்பதிலும் பகர ஒலி வேறு வேறாக வருவதைக் கவனியுங்கள். இரண்டு ஒலியும் நம் நாவில் உள்ளனவே. தமிழில் இடத்தைப் பொறுத்து ஒலி தானாக மாறும். ஆங்கிலத்தில் அவ்வொலி மாற்றம் பொருளையே மாற்றிவிடும். இவ்வகைச் சொற்களுக்குக் காதும் நாவும் பழக வேண்டும். ஆசிரியையின் வாயசைவை உற்று நோக்குவதே வழி.

எவை ஒத்த ஒலி என்பதுகூட ஊருக்கு ஊர் மாறும். தந்தையைக் குறிக்கும் 'ஃபாதர்', 'இன்னும் தொலைவில்' என்னும் பொருளுடைய சொல்லோடு தென் இங்கிலாந்தில் ஒலியால் ஒன்றாகும். ஸ்காட்லாந்திலும் அமெரிக்காவின் பெரும்பகுதியிலும் நடுவில் உள்ள ஆரை ஒலிப்பதால் அவை வேறாகும். நம் நாட்டிலும் வாழைப்பழத்தின் ழகரம் ஊருக்கு ஊர் மாறி ஒலிக்கிறதே!

கைக்கொள்ள வேண்டிய முறை

ஒன்று: சொல்லைத் தனியே மனப்பாடம் செய்யாமல் ஒரு சிறு தொடரோடு எழுதிப் பழக வேண்டும். டிக்டேஷனில் ஆசிரியை முழு வாக்கியத்தைச் சொல்லும் வரை காத்திருந்து, பொருளை அறிந்த பின்னரே பேனாவைத் தாளில் வைக்க வேண்டும்.

இரண்டு: ஒவ்வொரு சொல்லுக்கும் அதன் குடும்பத்தைத் தேட வேண்டும். இரண்டு என்பதை இரட்டையரோடும், நிறைவு என்பதை முழுமையோடும் சேர்த்து வைத்தால் மறக்காது.

மூன்று: கணினியிலும் கைப்பேசியிலும் உள்ள பிழைதிருத்தியை முற்றிலும் நம்பிவிடக் கூடாது. இல்லாத சொல்லை எழுதினால் அது உடனே கோடிட்டுக் காட்டும். ஆனால் பீடத்துக்குப் பதில் 'மாற்றுதல்' என்று எழுதினாலோ, அதுவும் அகராதியில் உள்ள சொல்லே ஆதலால், பல சமயங்களில் வாளாவிருந்துவிடும்.

நான்கு: நிறையப் படிக்க வேண்டும். படிக்கப் படிக்கச் சொல்லின் முகம் பழகிவிடும். பழகிய முகத்தில் ஒரு மறு மாறினாலும் கண் கண்டுகொள்ளும்.

முயன்று பாருங்கள்

1. 'பீஸ்' – அமைதி, துண்டு.
2. 'சன்' – ஞாயிறு, மகன்.
3. 'வீக்' – வாரம், வலிமையற்ற.
4. 'நன்' – கன்னியர், ஒருவரும் இல்லை.
5. 'ஹோல்' – துளை, முழுமை.

விடைகள்: 1. அமைதிக்கு நடுவில் ஈ, ஏ. துண்டுக்கு ஐ, ஈ. 2. ஞாயிற்றுக்கு யூ, மகனுக்கு ஓ. 3. வாரத்துக்கு ஈ, ஈ. வலிமையற்றதற்கு ஈ, ஏ. 4. கன்னியருக்கு என், யூ, என். இல்லை என்பதற்கு என், ஓ, என், ஈ. 5. துளை எச் என்று தொடங்கும். முழுமைக்கு அதன் முன் ஒலிக்காத டபிள்யூ வரும்.

அச்சத்துக்கு இடம் உண்டா?

தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு வருவோம். ஆங்கிலம் பேசும் வீட்டுப் பிள்ளைக்கு உச்சரிப்பு இயல்பாக வரும். பேச்சு தடையின்றி வரும். அதை மறுப்பதற்கில்லை. ஆனால் ஒத்த ஒலிச் சொற்களில் காது சிறிதும் உதவாது என்று கண்டோம். காது உதவாத இடத்தில் காதால் கற்றவருக்கு என்ன சலுகை? இங்கிலாந்தில் பிறந்த குழந்தை 'தேர்' என்னும் ஒலியை எழுதக் கற்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே பேசிப் பழகிவிடுகிறது. அதனால் மூன்று வடிவங்களையும் கலந்து எழுதிவிடுவது அங்கே பெரியவர்களிடமும் காணப்படும் குறை. நாமோ பெரும்பாலான சொற்களை முதன்முதலில் புத்தகத்தில், அவற்றின் எழுத்துருவோடு சந்திக்கிறோம். இது நமக்குக் குறையன்று, ஒரு பலம்.

ஆங்கிலம் அறியாத பெற்றோருக்கும் ஒரு விண்ணப்பம். உங்களால் உதவ முடியாது என்று எண்ணாதீர்கள். மகளின் நோட்டில் ஒரு பக்கம் ஆங்கிலச் சொல்லும், எதிர்ப்பக்கம் தமிழ்ப் பொருளும் இருக்கட்டும். நீங்கள் தமிழ்ப் பொருளைப் படியுங்கள். அவள் ஆங்கிலச் சொல்லை ஒரு தாளில் எழுதட்டும். பிறகு இரண்டையும் அருகருகே வைத்து எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பாருங்கள். கோல வடிவை ஒத்துப் பார்க்கத் தெரிந்த கண்ணுக்கு இது கடினமன்று. ஆங்கிலச் சொல்லின் ஒலியைச் சொல்லிக் கேட்பதைவிட, பொருளைச் சொல்லிக் கேட்பதே இச்சொற்களுக்குச் சிறந்த பயிற்சி. ஒலியைச் சொன்னால் எந்தச் சொல் என்று தெரியாது. பொருளைச் சொன்னால் ஐயத்துக்கே இடமில்லை.

ஆகவே தங்கையரே, ஆங்கில வகுப்பில் கடைசி வரிசையைத் தேடி அமர வேண்டாம். நம் வீட்டுத் தமிழ் நம்மைப் பின்னுக்கு இழுப்பதில்லை. சொல்லின் பொருளைத் தெளிவாகச் சொல்லித் தருவது அதுவே. காதுக்கு எட்டாததைக் கண்ணால் கற்போம். கண்ணால் கற்றதைக் கையால் எழுதிப் பழகுவோம்.